வீதி வரியும் பயணியின் அந்தரங்கமும்: ஹொங்கொங் முதல் ஒறிகன் வரை

வீதியைப் பயன்படுத்துவோரிடமிருந்தே அதற்குரிய செலவை அறவிடுதல் புதியதொரு கருத்தன்று. இங்கிலாந்தில் 1663 ஆம் ஆண்டிலேயே வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஆயம் அறவிடுவதற்குப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. அடுத்த நூற்றாண்டில் அந்நாடெங்கும் ஆயக்கதவுகள் எழுந்தன. 1839 இலும் பின்னர் 1842, 1843 ஆம் ஆண்டுகளிலும் வேல்ஸ் நாட்டுக் குடியானவர்கள் பெண்வேடம் பூண்டு இரவோடிரவாக அக்கதவுகளைத் தகர்த்தெறிந்தனர். வரலாற்றாசிரியர் ‘ரெபெக்கா கலகங்கள்’ எனக் குறிப்பிடும் இக்கிளர்ச்சியில் ஆயத்தின் சுமையே முதன்மையான முறைப்பாடாயிற்று. தமது போக்குவரவை எவரோ குறித்து வைக்கின்றனர் என்ற முறைப்பாடு அங்கு எழவில்லை. எழுவதற்கு இடமும் இருக்கவில்லை. கதவருகே நின்றவன் குதிரைகளை எண்ணினான், காசைப் பெற்றான், கதவைத் திறந்தான். வந்தவர் யார், எங்கு செல்கிறார் என்பவற்றை அவன் அறிய வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய பெற்றோல் வரி இதனினும் மறதி மிக்கது. ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலம் 1919 ஆம் ஆண்டில் கலனொன்றுக்கு ஒரு சதம் என விதித்து அந்நாட்டில் இவ்வரியைத் தொடக்கி வைத்தது. மிகுதியாக ஓடுபவர் மிகுதியாக எரிக்கிறார். மிகுதியாக எரிப்பவர் மிகுதியாகச் செலுத்துகிறார். ஓடிய இடம் எதுவென எவரும் வினவுவதில்லை. ஆனால் நகர நெரிசலைக் குறைப்பதற்கு இவ்வரி உதவாது என்பதைப் பொருளியலாளர் விரைவில் உணர்ந்தனர். நள்ளிரவில் வெறும் வீதியில் ஓடிய மைலும், காலை வேளையில் நகர நடுவே ஊர்ந்த மைலும் அதற்கு ஒன்றே. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் விக்ரி 1950களில் இதனை வற்புறுத்தினார். பிரித்தானியாவில் சிமீட் தலைமையிலான குழு 1964 இல் வெளியிட்ட அறிக்கையும் இவ்வழியே சென்றது. எனினும் இடத்தையும் நேரத்தையும் கருத்திற் கொண்டு வரி விதிப்பதாயின், வாகனம் எந்நேரம் எவ்விடத்தில் இருந்தது என்பது எவ்வாறேனும் அறியப்படல் வேண்டும். சிக்கலின் வேர் இதுவே.

அவ்வேர் முதன்முதலில் வெளிப்பட்ட களம் ஹொங்கொங். அன்று பிரித்தானியக் குடியேற்றமாயிருந்த அந்நகரில் வாகன நெரிசல் கட்டுக்கடங்காது போகவே, அரசாங்கம் 1982 இல் முதற்பதிவு வரியை இருமடங்காகவும் ஆண்டு அனுமதிக் கட்டணத்தை மும்மடங்காகவும் உயர்த்தியது. இவை கார் வைத்திருத்தலைத் தண்டித்தனவேயன்றி, நெரிசல் வேளையில் அதனை ஓட்டுதலைத் தனியே தண்டிக்கவில்லை. எனவே 1983 முதல் 1985 வரை இலத்திரனியல் முறையிலான வீதிக் கட்டணம் பரீட்சிக்கப்பட்டது. சுமார் 2,500 வாகனங்களின் அடிப்பாகத்தில் இலத்திரனியல் இலக்கத் தகடுகள் பொருத்தப்பட்டன. வீதியின் அடியிற் புதைக்கப்பட்ட கம்பிச் சுருள்கள், கடந்து செல்லும் தகட்டின் இலக்கத்தை வாசித்தன. அவ்விலக்கம் நேரத்துடன் நடுநிலையக் கணினிக்குச் சென்றது. தொலைபேசிக் கட்டணச் சிட்டையைப் போன்று மாதந்தோறும் கணக்கு வீட்டுக்கு அனுப்பப்படும் என்பதே திட்டம்.

தொழினுட்ப நோக்கில் பரீட்சை பெருவெற்றியாகவே அமைந்தது. ஆயினும் 1985 இல் திட்டம் கைவிடப்பட்டது. இத்தோல்விக்கு அந்தரங்கம் பற்றிய அச்சம் ஒன்றே காரணம் எனக் கூறுவது மிகைபடக் கூறலாகும். 1982 ஆம் ஆண்டு வரியுயர்வினால் கார்களின் தொகை ஏற்கெனவே குறைந்திருந்தது. நிலக்கீழ்ப் புகையிரதம் விரிவடைந்துகொண்டிருந்தது. இது மற்றுமொரு வரியே என்ற ஐயமும் பரவியிருந்தது. மாவட்டச் சபைகளிற் பெரும்பாலானவை திட்டத்தை எதிர்த்தன. அவ்வெதிர்ப்பில் ஓங்கி ஒலித்த குரல்களுள் ஒன்று, மாதக் கணக்கு ஒருவரின் நடமாட்டத்தை அரசாங்கத்துக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதாகும். கணக்குத் தாள் கணவன் சென்றவிடத்தை மனைவிக்கும் காட்டிவிடுமே எனச் சிலர் நகையாடினர். நகைப்பின் கீழ் மறைந்திருந்த கலக்கம் வேறு.

ஈண்டுக் காலத்தை நோக்குதல் வேண்டும். 1984 டிசெம்பரில் பிரித்தானியாவும் சீனாவும் கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன; 1997 இல் ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்படும் என்பது உறுதியாயிற்று. தரவுகள் பாதுகாக்கப்படும் என அன்றைய அரசாங்கம் அளித்த உறுதிமொழியின் பெறுமதி யாது? தனக்குப் பின் வரும் ஆட்சியின் பெயரால் வாக்களிக்க அதற்கு இயலாது. ஆட்சி மாறும், வீதியின் கீழுள்ள கம்பிச் சுருளும் கணினியிலுள்ள பதிவும் அப்படியே இருக்கும். தனியாள் தரவுகளைக் காக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டதே 1995 இற்றான். திட்டத்தை வகுத்தோர் இக்கலக்கத்தை வெறும் விளம்பரக் குறைபாடாகக் கருதினராயின், அவர்கள் மக்களைச் சரியாக மதிப்பிடவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இதே இடர்ப்பாட்டுக்குச் சிங்கப்பூர் வேறு வகையில் விடை கண்டது. 1998 இல் அங்கு நடைமுறைக்கு வந்த முறையில், முற்பணம் இடப்பட்ட அட்டையை வாகனத்திலுள்ள கருவியிற் செருகிவிட்டால், வளைவைக் கடக்கும்போதே கட்டணம் கழிந்துவிடும். கடன் இல்லையாதலின் மாதக் கணக்கு அனுப்பத் தேவையில்லை. பழைய ஆயக்கதவின் காசு, அட்டையாக மாறியது எனலாம்.

மைலுக்கு இவ்வளவு என அறவிடும் முறையோ பெற்றோல் வரியைத் தொடக்கிய ஒறிகனிலேயே உருப்பெற்றது. வாகனங்கள் எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியதும் வீதி நிதி வருங்காலத்தில் வற்றும் என அஞ்சிய அம்மாநிலச் சட்டசபை, 2001 இல் ஒரு செயற்குழுவை அமைத்தது. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் போட்லன்ட் நகரில் சுமார் 300 வாகனங்களில் மைலுக்கு 1.2 சதம் வீதம் பரீட்சை நடந்தது. செய்மதிச் சமிக்ஞை பெறும் கருவி, எவ்வலயத்தில் எத்தனை மைல் என்ற கூட்டுத்தொகையை மட்டும் கணக்கிட்டு, எரிபொருள் நிலையத்தில் அதனைத் தெரிவித்தது. சென்ற வழி அனுப்பப்படவில்லை. பொறியியலாளருக்கு இது போதுமானதாயிருந்தது; பொதுமக்களுக்கோ ‘செய்மதி’ என்ற சொல்லே போதுமானதாயிற்று. கருவியின் உள்ளே நிகழ்வதைப் பார்க்க இயலாதவன், அதனை அமைத்தவரின் சொல்லையே நம்பவேண்டியிருந்தது. ஹொங்கொங்கின் கதையும் இதுவேயன்றோ?

ஆகவே 2012 இல் தொடங்கிய இரண்டாம் பரீட்சையில் கருவியைத் தெரிவுசெய்யும் உரிமை பயணிக்கே விடப்பட்டது. 2013 இல் நிறைவேறிய சட்டம், இடம் அறியாது மைலை மட்டும் எண்ணும் வழியும் இருத்தல் வேண்டும் எனவும், இடம் பற்றிய பதிவுகள் கொடுப்பனவு முடிவுற்று 30 நாட்களுக்குள் பொதுவாக அழிக்கப்படல் வேண்டும் எனவும் விதித்தது. 2015 யூலை 1 ஆந் திகதி, 5,000 வாகனங்கள் என்ற வரையறையுடன், விரும்பிச் சேர்வோருக்கு மட்டுமாக மைலுக்கு 1.5 சதம் என்ற விகிதத்தில் திட்டம் தொடங்கியது. தனியார் கம்பனிகளும் கணக்கு வைக்கலாம் எனச் சட்டம் இடமளித்தமை வேறொரு வினாவை எழுப்புகிறது. அரசாங்கத்தை அஞ்சுவோர் அனைவரும் வணிகரை நம்புவர் என்பதற்கில்லை.

இடமறியாக் கருவியைத் தெரிவுசெய்தவருக்கு ஒரு சிறு நட்டமும் உண்டு. மாநில எல்லைக்கு அப்பால் ஓடிய மைல்களையும் தனியார் நிலத்தில் ஓடியவற்றையும் அக்கருவி பிரித்தறியாது. எல்லாவற்றையும் ஒறிகன் வீதியில் ஓடியவையாகவே எண்ணும். தான் சென்றவிடத்தைச் சொல்ல விரும்பாதவர், செல்லாத வீதிக்கும் சில சதங்கள் செலுத்த நேரிடுகிறது.