சாம்பல் புள்ளிக்குள் ஒரு பெயர்

இலங்கை மலையகத்தின் லிந்துலையில் பறித்த தேயிலைக் கொழுந்து தூளாகிக் கடல்கடந்த கடைகளில் அடுக்கப்படும்போது, பொட்டலத்தில் கம்பெனியின் பேர் இருக்கும். சில வேளை தோட்டத்தின் பேரும் இருக்கும். பறித்தவளின் பேர் இருந்ததில்லை. 1970களின் கடைசியில் கலிபோர்னியாவில் கணினி முன் வேலை செய்த சிலருக்கும் இதே மனக்குறை இருந்தது.

அட்டாரி நிறுவனம் வீடியோ விளையாட்டுகளை விற்றுக் குவித்தது. ஆனால் அவற்றை எழுதியவர்களின் பெயரை வெளியே சொல்லவில்லை. அங்கே வாரன் ராபினெட் என்ற இளைஞர் ‘அட்வென்ச்சர்’ விளையாட்டைத் தனியாளாக எழுதினார். அதற்குக் கிடைத்த மொத்த இடமே 4 கிலோபைட். அந்த நெருக்கடிக்குள்ளும், சக ஊழியர்களிடம்கூட மூச்சு விடாமல், ஒரு ரகசிய அறையைக் கட்டினார். கறுப்புக் கோட்டைக்குள் பின்னணியின் சாம்பல் நிறத்திலேயே ஒரு சிறு புள்ளி. கண்ணுக்குத் தெரியாத அதைத் தேடி எடுத்து, குறிப்பிட்ட ஒரு சுவரருகே கொண்டுபோனால் சுவர் வழிவிடும். உள்ளே, ஆக்கியவர் வாரன் ராபினெட் என்று எழுத்துகள் நிறம் மாறி மின்னும்.

1979இல் அவர் வேலையை விட்டார். 1980இல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் எழுதிய கடிதத்தால்தான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. நீக்குவதென்றால் செலவு. அங்கிருந்த ஸ்டீவ் ரைட், ஈஸ்டருக்குப் பிள்ளைகள் முட்டை தேடுவதுபோல இதுவும் இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து இத்தகைய ஒளிவுகளுக்கு ஈஸ்டர் எக் என்றே பெயர். ராபினெட் முதல் ஆளல்ல. 1977இல் வந்த ‘ஸ்டார்ஷிப் 1’ விளையாட்டில் ரான் மில்னர் ஒளித்த வணக்கம் 2017இல்தான் வெளிப்பட்டது.

1979இலேயே அட்டாரியை விட்டு வெளியேறிய நால்வர் ஆக்டிவிஷனைத் தொடங்கி, எழுதியவர் பெயரை வெளிப்படையாக அச்சிட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய வெற்றியாகப் படுகிறது. ஒளித்து வைக்கும் வழக்கமோ நிற்கவில்லை. கணக்கெழுதும் எக்செல் 97இல் சில விசைகளைச் சரியாக அழுத்தினால் ஊதா மலைகள் மேல் பறக்கலாம். அங்கே நிற்கும் கல்லில் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடும். 2002க்குப் பிறகு, பாதுகாப்பை முன்னிட்டு மைக்ரோசாப்ட் இவற்றைக் கைவிட்டது.

கொழுந்து பறிக்கும் நம் ஆட்களின் பேர் இருப்பது தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில். முழுப்பேரோ அரைப்பேரோ, அன்றன்றைக்கு உழைத்தவர்கள் அதில் இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் பழைய செக்ரோல் புத்தகங்கள் மிஞ்சியிருந்தால், தயவுசெய்து அவற்றை எரிக்க விடாதீர்கள்.