கொச்சிக்காயும் செத்தல் மிளகாயும்

சிலர் முத்திரை சேர்ப்பார்கள்; சிலர் பழைய நாணயங்களைத் தேடி அலைவார்கள். நான் சேர்ப்பது உறைப்பு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் என் வீடு. அடுப்படி அலுமாரியின் மேல் தட்டில் முப்பதுக்குக் குறையாத போத்தல்கள் இருக்கின்றன. தாய்லாந்தின் சிறீராச்சா என்ற கரையோர ஊரின் பெயரைத் தாங்கிய மிளகாய்ச் சோஸ், அமெரிக்காவின் லூசியானாவில் 1868 இல் தோன்றிய தபஸ்கோ, மட்டக்களப்பு நண்பர் தந்த கொச்சிக்காய் ஊறுகாய், கொட்டாஞ்சேனையில் ஒரு வயோதிப மாது வீட்டிலே செய்து விற்கும் கட்டச் சம்பல், பிறகு பல ஊர்த் தூள்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இரண்டொரு நண்பர்கள் கூடுவார்கள். பாண் துண்டொன்றில் ஒரு சொட்டு. வாயில் போட்டுவிட்டு எல்லோரும் மௌனமாக இருப்போம். நாக்கின் நுனியில் எரிகிறதா, தொண்டையில் பிடிக்கிறதா, உடனே வருகிறதா, ஆறுதலாக வந்து நெடுநேரம் நிற்கிறதா என்பதே விசாரணை. பக்கத்தில் ஒரு சட்டி தயிர் தயாராக இருக்கும். தண்ணீர் உதவாது. மிளகாயின் உறைப்புப் பொருள் தண்ணீரில் கரைவதில்லை. பாலிலும் தயிரிலும் உள்ள புரதமே அதைப் பற்றி இழுத்துக்கொண்டு போகும். மிளகாயை மோரில் ஊறவைத்துக் காயவைத்த நம் பாட்டிமாருக்கு இது இரசாயனம் படிக்காமலே தெரிந்திருந்தது.

இந்த விளையாட்டு ஒருநாள் என்னைச் சரித்திரத்துக்குள் இழுத்துவிட்டது. சோஸ் போத்தலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குள் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மிளகாய், உப்பு, வினாகிரி. வினாகிரி போர்த்துக்கேயச் சொல். அதைத் தொட்டுச் சாப்பிடும் பாண் போர்த்துக்கேயச் சொல். போத்தல்கள் இருக்கும் அலுமாரியும் அப்படியே. சரி, மிளகாயாவது நம்முடையது என்று ஆறுதல் கொள்ளலாமா என்றால் அதற்கும் இடமில்லை.

சங்க காலத் தமிழன் மிளகாயைக் கண்டதேயில்லை. அவன் அறிந்த காரம் மிளகு. அதற்கு அவன் வழங்கிய பெயர்களில் ஒன்று 'கறி' என்பது. முசிறித் துறையில் யவனர் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு பேசுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீதியில் குவிந்து கிடந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, மிளகு மூடைகளோடு ஈழத்து உணவையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே அந்தக் காலத்தவர் ஒருவரிடம் நாம் 'கறித்தூள்' என்று கேட்டால் மிளகுத்தூளைத்தான் எடுத்துத் தந்திருப்பார்!

1492 இல் கொலம்பஸ் மிளகைத் தேடிப் புறப்பட்டு, கரீபியத் தீவுகளில் வேறொரு காரத்தைக் கண்டார். ஸ்பானியர் மிளகுக்குத் தாம் வழங்கிய சொல்லையே சற்று மாற்றி அதற்குச் சூட்டினர். நம்மவர் செய்ததும் அதுவே. மிளகுபோல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று. சிங்களத்தில் நடந்தது இன்னும் சுவையானது. மிளகைக் குறித்த 'மிரிஸ்' என்ற பழைய சொல்லைப் புதிதாக வந்த மிளகாய் பறித்துக்கொண்டது. சொந்தக்காரனான மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ் என்று அடைமொழி சேர்த்துக்கொண்டு ஒதுங்க நேர்ந்தது. வந்தவர் வீட்டுக்காரராவதும் வீட்டுக்காரர் அடைமொழியோடு வாழ்வதும் நாம் அறியாத கதையல்ல.

போர்த்துக்கேயர் 1505 இல் இத்தீவின் கரையைத் தொட்டார்கள். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கைக்குப் போயிற்று. மிளகாயும் அவர்களுடைய கப்பல் வழியே ஆசியாவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் மிளகாய் என்கிறோம். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் அது கொச்சிக்காய். சிங்களத்திலும் சின்னஞ்சிறிய, உயிரை வாங்கும் வகைக்குக் கொச்சி என்றே பெயர். இதைக் கொச்சித் துறைமுகத்தோடு தொடர்புபடுத்துவார்கள். போர்த்துக்கேயரின் பெருந்தளமாக இருந்த ஊர் அது. விளக்கம் பொருந்தவே செய்கிறது. கொட்டாஞ்சேனைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் மெழுகுதிரி கொளுத்தப் போகும் அந்தோனியார் கோயில் இருப்பது கொச்சிக்கடையில். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில் கொச்சியிலிருந்து வணிகராக வந்த அந்தோனியோ என்ற குருவானவரிலிருந்து அக்கோயிலின் கதையைத் தொடங்குவது மரபு. ஒரே துறைமுகம் ஒரு தெருவுக்கும் ஒரு காய்க்கும் பெயர் கொடுத்திருக்கிறது.

சம்பலும் நமதல்ல, அது மலாய்ச் சொல். ஒல்லாந்தர் தம் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த படைவீரரும் நாடு கடத்தப்பட்டோரும் நமக்கு விட்டுச்சென்றது. தமிழ்நாட்டில் பொதுவாகத் துவையல், சட்னி என்பார்கள். நாங்கள் சம்பல் என்போம். அதற்குள் போடும் மாசி மாலைதீவிலிருந்து வந்தது. மேலைநாட்டார் பெருமையோடு பேசும் 'பார்பக்கியூ' என்ற சொல்லும் மிளகாய் புறப்பட்ட அதே கரீபியத் தீவுகளில் பிறந்ததுதான். ஆனால் கருவாட்டைத் தணலில் சுட்டு, தூளும் உப்பும் தேசிக்காய்ப்புளியும் பிரட்டிய என் பாட்டி அந்தச் சொல்லைக் கேட்டறியாதவள்.

இவ்வளவும் இரவல் என்றால் எங்களுடையது என்னதான்? எங்கள் தூள் என்பேன். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், கறிவேப்பிலை; ஒவ்வொன்றையும் அதனதன் பக்குவத்தில் வறுத்து இடிப்பது. மிளகாயைத் தனியாகவும் வாசனைத் திரவியங்களைத் தனியாகவும் வைத்துக்கொள்ளும் வழக்கம் தெற்கில் உண்டு. யாழ்ப்பாணத்தவர் இரண்டையும் ஒரே உரலில் போட்டுவிட்டார்கள்.

அந்தச் செத்தல் மிளகாய்க்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் வடபகுதித் தோட்டக்காரரைத் தலைநிமிரச் செய்தன. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்ற இளைஞர் மிளகாயால் கல்வீடு கட்டினர். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டு மிளகாய் வந்து குவிந்தது; விலை விழுந்தது. இன்று புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மலைபோல் கிடக்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. அந்த வாலிபர்களின் கதையை நம் எழுத்தாளர் போதிய அளவு எழுதவில்லை என்ற குறை எனக்குண்டு.

அந்த ஏழு வருடங்களில் மூன்று மாதத்துக்கொரு முறை யாழ்தேவியில் எங்களுக்கு ஒரு பிஸ்கற் தகரம் வரும். ஊரிலிருந்து யாராவது தெரிந்தவர் கொண்டுவருவார். மூடியைத் திறக்கும்போது அம்மா முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வாள். நான் முகத்தைக் கிட்டக் கொண்டுபோவேன். என் பொழுதுபோக்கின் தொடக்கம் அதுதான்.

1983 ஜூலையில் எங்கள் வீடு எரிந்தது. அடுப்படியில் இருந்த தூள் தகரமும் எரிந்தது. மிளகாய் எரிந்த நெடியில், கொளுத்த வந்தவர்களே இருமி இருமி வீதிக்கு ஓடினார்கள் என்று, எங்களைத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்த சிங்கள அயலவர் பின்னர் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. பல வருடங்கள் கழிந்த பின் அதே கதையை அம்மா சொல்லிச் சிரித்தாள்.

1990 இல் யாழ்ப்பாண ரயில் நின்றது. 2014 ஒக்டோபரில்தான் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தைக் கண்டது. இடைப்பட்ட காலத்தில் தகரம் வரவில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் குடியேறியவர்கள் மொட்டைமாடியில் மல்லி காயவைக்கவும் மில்லில் வரிசையில் நின்று தூள் அரைப்பிக்கவும் பழகினார்கள். அம்மா தன் கைப்படவே வறுத்தாள். அளவைக் கேட்டால் "கண்ணுக்குத் தெரியும்" என்பாள். வறுப்பு எப்போது போதும் என்று கேட்டால் "வாசம் சொல்லும்" என்பாள். எழுதி வைக்கவில்லை. கேட்டு எழுதிக்கொள்ள எனக்கும் அப்போது தோன்றவில்லை.

உறைப்பை அளக்கவும் முறை கண்டிருக்கிறார்கள். 1912 இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் மிளகாய்ச் சாற்றைச் சீனித் தண்ணீரில் கலந்து, எத்தனை மடங்கு கரைத்தால் சுவைப்பவருக்கு எரிவு தெரியாமற் போகிறது என்று கணக்கெடுத்தார். நெருப்பின் சூட்டை உணரும் அதே வாயிலைத்தான் மிளகாயும் தட்டுகிறது என்பது 1997 இல் தெரியவந்தது; அதைக் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணிய கார்ப்பு, உடலைப் பொறுத்தமட்டில் சுவையே அல்ல, சூடு. எல்லாம் சரிதான். ஆனால் அம்மாவின் தூளை அளக்க ஸ்கோவிலிடம் கோல் இல்லை.

அம்மா போன பிறகு எட்டுத் தடவை முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அளவுகளை ஒரு கொப்பியில் குறித்து, தூளைப் போத்தலில் அடைத்து, இலக்கம் ஒட்டி அலுமாரியில் வைத்தேன். சென்ற மாதம் தங்கை கனடாவிலிருந்து வந்திருந்தாள். ஏழாம் இலக்கம்தான் அம்மாவினது என்று நான் ஏறக்குறையத் தீர்மானித்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் அவளிடம் நீட்டினேன். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"மல்லி கூடிப்போச்சு அண்ணை," என்றாள். "எட்டாவதைத் தாங்கோ பாப்பம்."