உச்சிக் குவார்க்கைத் தேடிய பதினெட்டு ஆண்டுகள் (1977–1995): ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். கண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டுப் பின்னர் இல்லாதொழிந்தவை அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும் சான்று என்பது யாது, அதனை யார், எப்பொழுது, எவ்வளவு கொண்டு போதுமானதெனத் தீர்மானிக்கின்றனர் என்ற வினாவுக்கு விடை காண, அவ்விடங்களையே நாம் நாட வேண்டியுள்ளது. பாரமான குவார்க்குகளைத் தேடிய வரலாறு இவ்வகையில் வளமிக்கதொன்றாகும்.

1973 ஆம் ஆண்டில் யப்பானிய பௌதிகவியலாளர்களான கோபயாசி, மஸ்காவா ஆகிய இருவரும் குவார்க்குகள் ஆறாக, மூன்று தலைமுறைகளாக அமைந்திருப்பின், சடத்துக்கும் எதிர்ச்சடத்துக்கும் இடையே காணப்பட்ட சிறு வேறுபாட்டை விளக்கலாமென எடுத்துக்காட்டினர். அன்று அறியப்பட்டிருந்தவை மூன்று குவார்க்குகளே. நான்காவது 1974 இலும் ஐந்தாவது 1977 இலும் வெளிப்பட்டன. ஐந்தாவதைக் கண்ட லெடர்மன் குழுவினர், அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஏறத்தாழ 6 கிகா இலத்திரன்வோல்ற்றில் ஒரு புதிய துணிக்கையைக் கண்டதாக அறிவித்திருந்தனர். தரவுகள் பெருகியதும் அது மறைந்துபோயிற்று. அதற்கென வைத்திருந்த 'உப்சிலன்' என்னும் பெயர் மட்டும் வீணாகாது, 9.5 இல் வெளிப்பட்ட மெய்யான துணிக்கைக்குச் சூட்டப்பட்டது.

அடிக் குவார்க்கு கிடைத்தபின் அதன் இணையாகிய உச்சிக் குவார்க்கும் இருந்தே தீரவேண்டும் என்பதில் பலருக்கு ஐயமிருக்கவில்லை. அதன் திணிவைக் கூறக் கோட்பாடு எதுவும் இருக்கவில்லை. எனினும் வெறுங்கையுடன் இருக்க மனித மனம் இசைவதில்லை. குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிணைந்த துணிக்கைகளின் திணிவுகள் 1, 3.1, 9.5 என ஏறக்குறைய மும்மடங்காக உயர்ந்து செல்வதைக் கண்டோர், அடுத்தது 30 ஐ அண்டியிருக்குமென எதிர்பார்த்தனர். இது கோட்பாடன்று; எண் விளையாட்டே எனலாம். ஆயினும் அத்தகைய எதிர்பார்ப்புக்களுக்கும் பெருஞ்செலவில் எழுந்த இயந்திரங்களுக்கும் தொடர்பிருந்தது என்பது கவனித்தற்குரியது.

ஹம்பேர்க் நகரின் பெட்ரா மோதுபொறி 1978 இல் இயங்கத் தொடங்கியது. இலத்திரனும் பொசித்திரனும் மோதுமிடத்தே உச்சிக் குவார்க்குச் சோடிகள் தோன்றினால், குவார்க்குகள் வழியான விளைவுகளின் விகிதம் நான்கில் மூன்றிலொரு பங்கு, அதாவது 4/3 அளவு, படிபோல் உயரவேண்டும். அப்படி தென்படவில்லை. சக்தி 46 கிகா இலத்திரன்வோல்ற்று வரை உயர்த்தப்பட்டும் பயனில்லை. உச்சிக் குவார்க்கை முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டு யப்பானில் எழுந்த திரிஸ்தான் பொறி 1986 இல் தொடங்கி 60 ஐத் தாண்டியும் அதே வெறுமையையே கண்டது.

இதற்கிடையில் நிகழ்ந்ததே எமது கவனத்துக்குரிய முக்கிய நிகழ்ச்சி. ஜெனீவாவின் சேர்ண் ஆய்வுகூடத்தில் 1983 இல் டபிள்யூ, இசட் துணிக்கைகளைக் கண்டு பெருவெற்றி ஈட்டிய யூஏ1 குழுவினர், 1984 இல், 30 முதல் 50 வரையான திணிவுடைய உச்சிக் குவார்க்குக்குச் சான்று கிடைத்ததாக அறிவித்தனர். தனித்து நின்ற ஓர் இலத்திரன் அல்லது மியூவனும், அதனுடன் இரு துணிக்கைத் தாரைகளும்: இதுவே அவர்கள் தேடிய அடையாளம். நிகழ்வுகள் சிலவே. அதே அடையாளத்தை அடிக் குவார்க்கின் சிதைவும், தாரைகளுடன் தோன்றும் டபிள்யூவும் போலியாகக் காட்டக்கூடும். இப்பின்னணி குறைவாகவே மதிப்பிடப்பட்டிருந்தது. தரவுகள் பெருகிப் பின்னணியும் திருத்தமாகக் கணிக்கப்பட்டபோது சான்று கரைந்தது. 1988 இல் அதே குழுவினரே உச்சிக் குவார்க்கு 44 இலும் பாரமானதென்று எழுதினர். இதனை ஏமாற்று எனக் கொள்வது தவறாகும். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்ததைக் காணும் மனப்பாங்கும், வெற்றிக்குப்பின் வரும் அவசரமும் நேர்மையான ஆய்வாளரையும் வழிதவறச் செய்யவல்லன. அத்தவற்றைத் திருத்திய கை வெளியாருடையதன்று என்பதையும் மறத்தலாகாது.

1987 இல் ஹம்பேர்க்கின் ஆர்கஸ் குழுவினர் நடுநிலையான பி மேசன் தன் எதிர்த்துணிக்கையாக மாறும் வீதம் எதிர்பாராத அளவு பெரிதெனக் கண்டனர். உச்சிக் குவார்க்கு மிகப் பாரமானதாயின் மட்டுமே இது பொருந்தும். தேடற்களம் அமெரிக்காவின் தெவத்ரனுக்கு மாறியது. கீழெல்லை 1992 இல் 91 ஆகவும், 1994 இல் 131 ஆகவும் ஏறிற்று.

1994 ஏப்ரலில் சீடிஎவ் குழுவினர் பன்னிரண்டு நிகழ்வுகளைக் கொண்டு 174 அளவான திணிவை அறிவித்தனர். பின்னணி மட்டுமே இவற்றைத் தரும் நிகழ்தகவு நானூறில் ஒன்று அளவினது. ஆயினும் அவர்கள் 'கண்டுபிடிப்பு' என்று எழுதவில்லை. 'சான்று' என்றே எழுதினர். பத்தாண்டுக்கு முந்திய ஜெனீவா அனுபவம் அச்சொற்றெரிவின் பின்னே நின்றதென நாம் கருதுகின்றோம். 1995 மார்ச் 2 ஆந் தேதி சீடிஎவ், டீசீரோ என்னும் இரு குழுவினரும் ஒருங்கே கண்டுபிடிப்பை அறிவித்தபோது அந்நிகழ்தகவு பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒவ்வோர் அறிக்கையிலும் நூற்றுக்கணக்கானோர் ஒப்பமிட்டிருந்தனர். தனிமேதையின் தரிசனம் என்னும் பழைய உருவகம் இங்கு முற்றாகவே பொருந்தாது.

உச்சிக் குவார்க்கின் திணிவு ஏறத்தாழ 173 கிகா இலத்திரன்வோல்ற்று. பொன் அணுவொன்றின் திணிவுக்குச் சற்றே குறைவு. மும்மடங்குக் கணக்கு எவ்வளவு தொலைவில் நின்றதென்பதை இது காட்டும்.

ஆறோடு தேடல் நிற்கவில்லை. நான்காவது தலைமுறை உண்டா என்ற வினா எழுந்தது. சேர்ணின் லெப் மோதுபொறி 1989 இல் பாரமற்ற நியூத்திரினோக்கள் மூன்று வகையே என நிறுவியது. நான்காவது நியூத்திரினோ பாரமானதாயின் தப்பலாம் என்று வாதிட்டோரும் இருந்தனர். 2012 இல் ஹிக்ஸ் துணிக்கை கண்டறியப்பட்டதும் அவ்வழியும் அடைபட்டது. மேலும் இரு பாரக் குவார்க்குகள் இருந்திருப்பின் குளுவன் இணைவால் ஹிக்ஸ் தோன்றும் வீதம் ஏறக்குறைய ஒன்பது மடங்காகியிருக்கும். அளவீடுகள் அவ்வாறு காட்டவில்லை. ஹிக்ஸிலிருந்து திணிவைப் பெறாத வேறுவகைக் குவார்க்குகளைப் பெரும் ஹட்ரன் மோதுபொறியில் தேடுகின்றனர். ஆயிரம் கிகா இலத்திரன்வோல்ற்றைக் கடந்தும் அவை அகப்படவில்லை.