தேடப்படாத நீலச் சிலந்தி

ஆந்திரத்தின் குத்தி ஊரில், ரயில்வே மரக்கிடங்கு ஒன்றில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து 1899-இல் புதிய இனம் ஒன்றை விவரித்தார் லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆர். ஐ. போக்காக். அவர் வைத்த பெயர் பொயெசிலோதீரியா மெட்டாலிகா. உலோகம்போல் மின்னும் நீலக் கால்களும் அவற்றில் மஞ்சள் திட்டுகளும் கொண்ட மரச்சிலந்தி அது. மறு ஆண்டே பிரிட்டிஷ் இந்தியாவின் சிலந்தி, தேள் வகைகளைத் தொகுத்துத் தனி நூலாகவும் வெளியிட்டார். ஆனால் முதல் விவரிப்புக்குப் பின் 102 ஆண்டுகள் இந்த நீலச் சிலந்தியைக் கண்டதாகப் பதிவே இல்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மீண்டும் கண்டார்கள். முதல் சிலந்தி வெட்டிய மரத்தோடு ரயிலேறி குத்திக்கு வந்திருக்கலாம் என்ற கருத்து அதன் பிறகுதான் வலுப்பெற்றது.

இரவில் நடமாடி, பகலில் மரப்பொந்துக்குள் பதுங்கும் உயிரைக் காண்பது அரிது, இடைவெளிக்கு அதுவே காரணம் என்பார்கள். பாதி உண்மைதான். ஆனால் ராமேஸ்வரத்தைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் யாத்திரிகர்கள் வந்துபோகும் அந்தத் தீவில் வாழும் இதே பேரினத்துச் சிலந்தி ஒன்றுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2004-இல்தான். கோயில் ஒன்றின் பெயரைத் தழுவி அதை ஹனுமவிலாசுமிகா என்றார்கள். எட்டாத காடு, ஏறமுடியாத மலை என்ற சமாதானம் இங்கே எடுபடாது. தேடும் தேவை யாருக்கும் எழவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

தேவை எழுந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் செந்தேள் சாட்சி. கொங்கண் கிராமங்களில் அதன் கொட்டு பல குழந்தைகளின் உயிரைக் குடித்தது. மகாடில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், விஷம் இதயத்தைத் தாக்கும் விதத்தைக் கூர்ந்து கவனித்து 1982-இல் லான்செட் இதழில் எழுதினார். இரத்த அழுத்த மருந்தான பிரசோசினைப் பயன்படுத்தியதும் இறப்புகள் பெருமளவு குறைந்தன. நீலச் சிலந்திக்கோ ஆஸ்பத்திரி வழக்குரைக்கவில்லை. அதன் அழகை முதலில் மதித்தது செல்லப்பிராணிச் சந்தை. மேலைநாட்டு வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். சொந்தக் காட்டில் எத்தனை எஞ்சியுள்ளன என்பதை அதே அக்கறையோடு யாரும் எண்ணவில்லை. மனிதனைக் கொன்றால் ஆய்வு, காசு தந்தால் வளர்ப்பு, இரண்டுமில்லையேல் மறதி: நம் அறிவின் இடைவெளிகள் இந்தக் கணக்கில்தான் விழுந்திருக்கின்றன.

ஆளைக் கொல்லாத சிலந்திக்கு அரிய ஆய்வுப் பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் சட்டம் ஏற்கெனவே அந்த அறிவைக் கேட்கத் தொடங்கிவிட்டது. 2008-இல் இந்த நீலச் சிலந்தியை மிக அருகிய இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது. 2019-இல் இப்பேரினம் முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் உள்ள உயிரைக் காட்டிலிருந்து பிடித்து ஏற்றுமதி செய்யவேண்டுமானால், அதனால் இனத்துக்குக் கேடில்லை என்று அறிவியல் ஆணையம் உறுதிகூற வேண்டும். எத்தனை இருக்கின்றன, எத்தனை பிறக்கின்றன என்று தெரியாமல் அந்த உறுதியை எப்படித் தருவது? பெரிய மரத்தின் பழைய பொந்தை நம்பி வாழும் உயிர் இது. விறகுக்கும் மரத்துக்கும் காடு வெட்டுப்படும் இடத்தில் கணக்கெடுப்பு தாமதமானால் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பொந்துள்ள மரங்களுக்கு எண்ணிட்டு, கைவிளக்கோடு இரவில் போய், அதே மரங்களை ஆண்டுதோறும் பார்த்துக் குறித்து வைத்தாலே அடிப்படைத் தரவு கிடைத்துவிடும். நந்தியாலிலும் ராமநாதபுரத்திலும் உள்ள கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் வனத்துறை அனுமதியோடு இப்பணியைக் கையிலெடுக்க வேண்டும்.