எலெக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டிய கேள்வி

வேலை மாற்றலாகி பெங்களூர் வரும் நம்மவர்கள் வீடு பிடித்த கையோடு என்னிடம் கேட்பது: "சார், தமிழ் தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் யாராவது இருக்காங்களா?" நான் குடியிருக்கும் ஜீவனஹள்ளியில் அதற்குப் பஞ்சமே இல்லை. இந்தப் பக்கம் தமிழ் கேட்காத தெரு கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "பர்மிட் இருக்கா?"

நான் பி.காம். படித்து வங்கியில் வேலை பார்ப்பவன். வோல்ட், ஆம்பியர் எல்லாம் எனக்கு அரைகுறைதான். ஆனால் யார் கையெழுத்துப் போட்டார், நாளைக்கு யார் பதில் சொல்வார் என்கிற கணக்கு கொஞ்சம் தெரியும். இந்தப் பர்மிட்டும் அந்தக் கணக்குதான். கொஞ்சம் பின்னோக்கிப் போனால் புரியும்.

இந்த ஊர் மின்சாரக் கதையில் ஆரம்பத்திலிருந்தே நம் ஆட்கள் இருக்கிறார்கள். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். காவிரி விழும் சிவனசமுத்திரத்தில் மின்நிலையம் அமைக்கும் திட்டத்துக்கு அவர் காலத்தில்தான் ஒப்புதல் கிடைத்தது. திட்டத்தை வகுத்தவர் ஜோலி டி லாட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர். மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து வந்தன. 1902 ஜூனில் மின்சாரம் பாய்ந்தபோது திவான் உயிரோடு இல்லை.

அந்த மின்சாரம் முதலில் போனது பெங்களூருக்கு அல்ல. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். காரணம் எளிது: அங்கேதான் காசு கொடுத்து வாங்க வெள்ளைக்காரச் சுரங்கக் கம்பெனிகள் இருந்தன. சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு போன்ற ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழர்கள். பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905 ஆகஸ்டில்.

சுரங்கத்தில் மின்சாரத்தைக் கண்காணிக்கப் பொறியாளர் இருப்பார். அதே மின்சாரம் வீட்டுச் சுவருக்குள் புகுந்தபோது? வேலை முடிந்து பூசிவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் சட்டம் வீடு வரைக்கும் வரவேண்டியிருந்தது. 1910-ல் இந்திய மின்சாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த 1956 விதிகளில் 45-வது விதி தெளிவாகச் சொன்னது: பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற வேலைகளை விட்டுவிடலாம். மற்றபடி ஒயரிங் வேலை என்றால் மூன்று காகிதம் வேண்டும். காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ், மேற்பார்வையாளருக்குத் தகுதிச் சான்று, கம்பியைத் தொடும் ஆளுக்குப் பர்மிட்.

2003-ல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. பாதுகாப்பு விதிகள் 2010-லும் 2023-லும் புதிதாக எழுதப்பட்டன. இந்த ஏற்பாடு மட்டும் தொடர்கிறது. இவற்றை வழங்குவது அந்தந்த மாநிலம். தமிழ்நாட்டில் அதற்கென்று மின் உரிம வாரியம் இருக்கிறது. கர்நாடகத்தில் மின் ஆய்வுத் துறை. இரண்டு வருடம் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்த சான்றிதழ் வேறு, இந்தப் பர்மிட் வேறு. இதில் பலருக்குக் குழப்பம் உண்டு.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம் குடிவந்தது. வீட்டுக்காரர் அனுப்பிய பையன் கீசருக்குப் புது லைன் இழுத்துக் கொடுத்தான். நன்றாகத் தமிழ் பேசுவான், கூலியும் கம்மி. இரண்டாம் நாள் அவர்களுடைய ஆறு வயதுப் பெண் குழாயைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு அலறினாள். நல்லவேளை, அதோடு போயிற்று. லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் வந்து சுவிட்ச் போர்டைக் கழற்றினால், எர்த் ஒயர் எதிலும் சேராமல் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் சுட்டது, விளக்கும் எரிந்தது. வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. அந்தப் பையனைத் தேடினால் போன் எடுக்கவில்லை.

கடல் கடந்து இருப்பவர்களுக்கும் இதே கதைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு மின்வேலைகளை 2005 ஜனவரி முதல் கட்டட விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற மின் பணியாளர்தான் ஒயரிங் செய்யவேண்டும்.

ஆகவே புது லைன், கீசர், ஏசி என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். பர்மிட்டை வாங்கிப் பாருங்கள். காண்ட்ராக்டர் லைசென்ஸ் எண்ணோடு பில் கேளுங்கள். வாடகை வீடென்றால் ஒயரிங் செலவு யாருடையது என்று அக்ரிமெண்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகும். தமிழ் பேசுகிறவராகவும் அமைந்துவிட்டால் ரொம்ப சந்தோஷம், ஒரு காபி கொடுத்து ஊர்க்கதை பேசலாம்.