ஜாவா ரன்டைம்: ஒரு சர்வரில் தறி மாற்றிய வரலாறு

நம்ம பல்லடத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் பலருக்கும் டேலிதான் ஞாபகம் வரும். ஆனால் நூற்பாலை, கறிக்கோழி ஆபீஸ் போன்ற இடங்களில் மூலையில் ஒரு விண்டோஸ் சர்வரும், அதில் டாம்கேட் மேல் ஓடும் ஒரு ஜாவா மென்பொருளும் இருப்பதுண்டு. "ஆரக்கிள் ஜாவாவை எடுத்துவிட்டு வேறு ஜாவா போடுங்கள்" என்று இப்போது சொல்கிறார்கள். வேறு ஜாவா என்று ஒன்று எப்படி வந்தது? ஏன் மாற்ற வேண்டும்? பார்ப்போம்.

பாவும் தறியும்

ஜாவா நிரல் முதலில் பைட்கோடாக மாறுகிறது. அந்த பைட்கோடை ஓட்டுவதுதான் ரன்டைம். நம்ம ஊர்க் கணக்கில் பைட்கோடு பாவு, ரன்டைம் தறி. அளவு ஒத்துப்போனால் ஒரே பாவை எந்தத் தறியிலும் ஏற்றலாம். 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை அறிவித்தபோது தந்த வாக்குறுதியும் இதுதான்: ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு.

ஜாவா 1.0 வந்த 1996-லேயே, பின்னாளில் ஜோஹோ ஆன அட்வென்ட்நெட்டும் தொடங்கியது. நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருளை ஜாவாவில் எழுதி உலகத்துக்கு விற்றார்கள். வாங்குபவரிடம் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் ஓடும் என்பது அப்படி விற்பவர்களுக்குப் பெரிய பலம்.

முதல் வழக்கு

அதே 1996-ல் மைக்ரோசாப்ட் சன்னிடம் உரிமம் வாங்கி, விண்டோஸுக்குச் சொந்தமாக ஒரு ரன்டைம் செய்தது. வேகமான ரன்டைம்தான். ஆனால் சில பொதுவான பகுதிகளை விட்டுவிட்டு, விண்டோஸில் மட்டும் ஓடும் வசதிகளைச் சேர்த்திருந்தார்கள். அதை நம்பி எழுதிய பாவு வேறு தறியில் ஏறாது. 1997-ல் சன் வழக்குப் போட்டது. 2001-ல் மைக்ரோசாப்ட் 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2007 இறுதியில் அந்த ரன்டைமுக்கான ஆதரவும் நின்றது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ரன்டைம்கள் பல இருப்பதில் கெடுதல் இல்லை. எல்லாம் ஒரே அளவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைச் சரிபார்க்க ஜாவாவுக்கு ஒரு பொதுச் சோதனைத் தொகுப்பும் உண்டு.

கதவு திறந்தது

2006 நவம்பரில் சன் ஜாவாவைத் திறமூலமாக்குவதாக அறிவித்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓப்பன்ஜேடிகே. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கி முடித்தது. ஆனால் திறந்துவிட்ட மூலநிரலை யாரும் திரும்ப மூட முடியாது.

2013-ல் வேடிக்கை ஒன்று நடந்தது. அசூல் என்ற நிறுவனம் ஓப்பன்ஜேடிகேயிலிருந்து ஜூலு என்ற ரன்டைமைச் செய்தது. முதலில் விண்டோஸ் சர்வருக்காகத்தான். அதில் கூட்டாளி யார் தெரியுமா? ஒரு காலத்தில் வழக்கில் சிக்கிய அதே மைக்ரோசாப்டின் துணை நிறுவனம்! 2021-ல் மைக்ரோசாப்ட் தன் பெயரிலேயே ஓர் ஓப்பன்ஜேடிகே பதிப்பையும் வெளியிட்டது. அமேசானின் கொரெட்டோ, எக்லிப்ஸ் அமைப்பின் டெமுரின் எல்லாம் இதே வழியில் வந்தவை.

தலைக்கு 15 டாலர்

2019 ஏப்ரலில் ஆரக்கிள் உரிம விதியை மாற்றியது. அதன் பிறகு வந்த ஜாவா 8 புதுப்பிப்புகளை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கட்டணம். 2023 ஜனவரியில் கட்டணம் கணக்கிடும் முறையே மாறியது. ஜாவாவைப் பயன்படுத்துகிறவர் எத்தனை பேர் என்பது கணக்கில்லை. நிறுவனத்தில் மொத்தம் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. 999 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு விலைப்பட்டியல்படி தலைக்கு மாதம் 15 டாலர்.

200 பேர் வேலை செய்யும் ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். சர்வர் ஒன்று, அதைத் தொடுபவர் நான்கு பேர். ஆனால் கம்ப்யூட்டரையே தொடாத ஷிப்ட் தொழிலாளியும் கணக்கில் வருவார். மாதம் 3,000 டாலர், வருடம் 36,000 டாலர். ஒரே ஒரு தறிக்காக ஊரையே எண்ணி வரி போட்டது போல!

ஓப்பன்ஜேடிகே இல்லாவிட்டால் கொடுப்பதைத் தவிர வழியில்லை. இருப்பதால் மாற்றலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முதலில், மென்பொருள் எந்த ஜாவாவில் ஓடுகிறது என்று பாருங்கள். ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் தயாரிப்புகளைப் போல, சில மென்பொருள்கள் ரன்டைமைத் தங்கள் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கும். அவற்றில் நாமாகக் கை வைக்காமல், அந்தத் தயாரிப்பின் புதுப்பிப்பு வழியாக மாற்றுவதே நல்லது.

டாம்கேட் விண்டோஸ் சர்வீஸாக ஓடினால் 'ஜாவா ஹோம்' மாறியை மட்டும் திருத்தினால் போதாது. ஜேவிஎம் டிஎல்எல் கோப்பு இருக்கும் பாதை சர்வீஸின் அமைப்பிலேயே பதிந்திருக்கும். அதையும் மாற்ற வேண்டும். 32 பிட் சர்வீஸில் 64 பிட் ரன்டைம் ஏறாது.

பழைய ரன்டைமின் 'சிஏசெர்ட்ஸ்' கோப்பில் சான்றிதழ் ஏதாவது சேர்த்திருந்தால் புதியதிலும் சேருங்கள். மறந்தால் மற்ற சர்வர்களோடு பேசும் இடத்தில் பிழை வரும்.

முக்கியமானது: நிறுவனத்தையும் பதிப்பையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஆரக்கிள் 8-ல் இருந்தால் முதலில் டெமுரின் 8. அது நன்றாக ஓடிய பிறகு 11, 17 என்று போகலாம். ஏனென்றால் 11-ல் சில பழைய பகுதிகள் நீக்கப்பட்டுவிட்டன. ஜாவா 18 முதல் கோப்பு படிக்கும் இயல்புக் குறியாக்கம் யூடிஎஃப்-8. அதற்கு முன் விண்டோஸின் குறியாக்கத்தையே எடுத்துக்கொள்ளும். தமிழில் பெயர்கள் உள்ள கோப்பு இருந்தால் இரண்டிலும் சோதித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் இது ஓர் இரவு வேலை. மறுநாள் காலை ஆபீஸுக்கு வருபவருக்கு எதுவும் மாறியதே தெரியாது. 1997-ல் போட்ட வழக்கும் 2006-ல் திறந்த மூலநிரலும் சேர்ந்து நமக்குக் கொடுத்தது அந்த ஓர் இரவைத்தான். பாவு நம்முடையது என்றால், தறி யாருடையது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் நம் கையில் இருக்க வேண்டும்.