நோமண்டியின் இழப்பும் மகா பட்டயமும்

இங்கிலாந்தின் மகா பட்டயம் 1215ஆம் ஆண்டு யூன் மாதம் 15ஆம் நாள் ரன்னிமீட் புல்வெளியில் உருப்பெற்றது. மக்களுரிமையின் தோற்றுவாயெனப் போற்றப்படும் இச்சாசனத்தின் பிறப்பை ஆராயப் புகுவோர், அதற்குப் பதினொரு ஆண்டுகளின் முன் கடலுக்கப்பால் நிகழ்ந்த ஓர் இழப்பையே முதற்கண் நோக்குதல் வேண்டும்.

1066இல் நோமண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றதன்பின், இரு நாடுகளும் பெரும்பாலும் ஒரே ஆட்சியாளரின் கீழிருந்தன. பிரபுக்கள் பலர் ஆங்கிலக் கால்வாயின் இருமருங்கும் நிலமுடையராயினர். எனினும், பிரான்சிலுள்ள நிலங்களைப் பொறுத்தவரை இங்கிலாந்து மன்னன் பிரான்சிய மன்னனுக்குக் கீழ்ப்பட்ட மானியக்காரனே. இந்நிலமானியப் பிணைப்பே பிலிப்பு மன்னனுக்கு வாய்ப்பாயிற்று. 1200இல் ஜோன் மன்னன், லூசிஞன் குடும்பப் பிரபுவொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த இசபெல்லாவை மணந்தான். அக்குடும்பத்தார் பிலிப்பிடம் முறையிட்டனர். அழைப்பாணையை ஜோன் புறக்கணிக்கவே, அவனது மானியங்கள் பறிமுதலுக்குரியனவென 1202இல் தீர்ப்பாயிற்று. 1204 மார்ச்சில் கையார்க் கோட்டை வீழ்ந்தது. யூன் 24இல் ரூவான் நகரம் சரணடைந்தது.

இவ்விழப்பின் விளைவுகள் நிலப்பரப்போடு அமையவில்லை. வில்லியம் மார்சல் போன்ற மிகச் சிலர் இரு மன்னருக்கும் பணிந்து இருகரை நிலங்களையும் காத்துக்கொண்டனர். ஏனையோர் ஒரு கரையைக் கைவிட நேர்ந்தது. முன்னைய மன்னர் ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதியைப் பிரான்சிற் கழித்திருக்க, ஜோன் இங்கிலாந்திலேயே தங்கலானான். அவனது நேரடி ஆட்சியின் சுமையைப் பிரபுக்கள் நாள்தோறும் உணர்ந்தனர். எல்லாவற்றிலும் கொடியது, இழந்ததை மீட்கும் போருக்கான பணத்தேவை. படைச்சேவைக்கு ஈடான பணம் அவனது ஆட்சியிற் பதினொரு முறை விதிக்கப்பட்டது. 1207இல் வருமானத்திலும் அசையும் பொருளிலும் பதின்மூன்றில் ஒரு பங்கு வரியாகப் பெறப்பட்டமையால் ஏறத்தாழ 60,000 பவுண் திரண்டது. கடல்கடந்து போர்புரியும் கடமை தமக்கில்லையென வடபுலப் பிரபுக்கள் 1213இல் மறுத்தனர். 1214 யூலை 27இல் பூவின் போர்க்களத்தில் ஜோனின் நேசப்படைகள் தோற்றன. மறு ஆண்டிலே பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தனர்.

பட்டயத்தின் பன்னிரண்டாம் வாசகம் இப்பின்னணியிலேயே பொருள்படுகின்றது. மரபான மூன்று சந்தர்ப்பங்கள் தவிர, நாட்டின் பொது ஆலோசனையின்றி உதவிப்பணமோ படைச்சேவைப் பணமோ விதிக்கலாகாதென அது கூறிற்று. பாப்பரசர் அவ்வாண்டு ஓகஸ்டிலேயே பட்டயத்தைச் செல்லாததாக்கினார். 1216இல் மீள வெளியிடப்பட்டபோது அவ்வாசகம் விடுபட்டது. ஆயினும் அதன் கருத்து மறையவில்லை. 1225இல் மூன்றாம் ஹென்றி பதினைந்தில் ஒரு பங்கு வரிக்குக் கைம்மாறாகவே பட்டயத்தை மீண்டும் வழங்கினான். 1259இல் அம்மன்னன் நோமண்டி மீதான உரிமையைத் துறந்தபோது, வரிக்கு இசைவு வேண்டுமென்னும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பாராளுமன்றம் அதன்மீதே வளர்ந்தது.

பிரபுக்கள் நாடியது தம் வர்க்க நலனையே, குடியானவரின் விடுதலையையன்று. எனினும், தோற்ற போரின் செலவை யார் ஏற்பது என்ற வழக்கிலிருந்தே, முடியும் சட்டத்துக்கு உட்பட்டதென்னும் கோட்பாடு எழுத்துருப் பெற்றது. நோமண்டி மன்னனின் கையில் நிலைத்திருந்தால், அவ்வழக்கு அக்காலத்தே எழுந்திருக்குமோ என்பது ஐயத்துக்குரியதே.